பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறது, கருவிக்குத் தெரியவில்லை

கிடங்கு இருப்பைக் கணக்கு வைக்கும் விண்டோஸ் மென்பொருள் ஒன்றை ஆறு ஆண்டுகளாகச் சோதித்து வருகிறேன். அதில் பாதி, டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிய பழைய திரைகள். மீதி, பின்னாளில் டபிள்யூபிஎஃப் என்ற மைக்ரோசாஃப்ட் திரைத் தொழில்நுட்பத்தில் சேர்த்தவை. நான் பட்ட பாடு பெரும்பாலும் இந்தக் கலப்பால் வந்தது. ஒரே தொழில்நுட்பத்தில் கட்டிய மென்பொருள் வாய்த்தவர்கள் என் புலம்பலில் பாதியைத் தாண்டிப் போகலாம்.

மனிதருக்குப் பதிலாகத் தானே கிளிக் செய்து சோதிக்கும் முதல் கருவியை நாங்கள் தேர்ந்தெடுத்த விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எந்தெந்த வசதி எந்தெந்தக் கருவியில் உண்டு என்று அட்டவணை போட்டோம். அதிகக் கட்டங்களில் 'உண்டு' வாங்கிய வணிகக் கருவிக்கு ஓராண்டு உரிமம் வாங்கினோம். விற்க வந்தவர் கால்குலேட்டரைத் திறந்து கூட்டிக் காட்டினார். கால்குலேட்டரில் வேலை செய்யாத கருவியை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் மென்பொருளைத் திறந்து காட்டுங்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

நாம் செய்வதைப் பதிவு செய்து மறுபடி ஓட்டுவதுதான் அந்தக் கருவியின் பெருமை. பழைய திரையின் மேல்பட்டையில் 'சேமி' பொத்தானை அழுத்தினேன். 'இடமிருந்து இத்தனை, மேலிருந்து இத்தனை புள்ளி தள்ளிக் கிளிக் செய்' என்று பதிவாகியிருந்தது. பொத்தானின் பெயரே அதில் இல்லை. அடுத்த வெளியீட்டில் அந்தப் பட்டையில் புதிதாக ஒரு பொத்தான் சேர்ந்தது. அன்றிரவு என் சோதனைகள் 'சேமி'க்குப் பதிலாக 'நீக்கு'வை அழுத்தித் தள்ளின. சோதனைத் தரவுத்தளம் என்பதால் தப்பினோம். உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை.

பிறகு சிக்குலிஎக்ஸ். திரையின் படத்தைப் பார்த்தே பொத்தானைக் கண்டுபிடிக்கும் இலவசக் கருவி. உள்ளே ஓப்பன்சிவி என்ற நிரல் நூலகம் பட ஒப்பீட்டைச் செய்கிறது. கண்ணுக்குத் தெரிவது எதுவானாலும் அதற்கும் தெரியும் என்பதால் சில மாதங்கள் தலைகால் புரியாத மகிழ்ச்சியில் இருந்தேன். சோதனைக் கணினியை மாற்றியதும் அது போயிற்று. புதிய கணினியின் திரை அளவீடு 125 சதவீதம். நான் வெட்டி வைத்திருந்த படங்கள் எல்லாம் 100 சதவீதத்தில் எடுத்தவை. எழுத்துகளின் விளிம்பை விண்டோஸ் மென்மையாக்கும் விதம் மாறினால்கூட ஒப்பீட்டு மதிப்பெண் சரிகிறது. படங்களைத் திரும்ப வெட்டுவதற்கே ஒரு வாரம் போனது.

அந்த வாரத்தில்தான், முதல் நாளே திறந்திருக்க வேண்டிய ஒரு கருவியைத் திறந்தேன். நிரலாளர்களுக்கான விண்டோஸ் எஸ்டிகே தொகுப்புடன் வரும் இன்ஸ்பெக்ட். திரையில் இருப்பதை மற்ற நிரல்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதை அது மரமாகக் காட்டும். இந்த மரம் சோதனையாளர்களுக்காகப் பிறந்தது அல்ல. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்களை மனத்தில் வைத்து மைக்ரோசாஃப்ட் 1997இல் ஆக்டிவ் ஆக்சசிபிலிட்டியைக் கொண்டுவந்தது. விஸ்டா காலத்தில் அதன் வாரிசாக யுஐ ஆட்டோமேஷன் வந்தது. விண்டோஸில் படத்தை நம்பாமல் இயங்கும் கருவிகளில் பெரும்பாலானவை, விலை என்னவானாலும், இந்தக் கதவுகளில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே போகின்றன. கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லையென்றால் விலை உயர்ந்த கருவிக்கும் ஒன்றும் கிடைக்காது.

எங்கள் பழைய திரையில் சுட்டியை 'சேமி'யின் மேல் வைத்தேன். மரத்தில் மேல்பட்டை தெரிந்தது, பொத்தான் தெரியவில்லை. டெல்ஃபியில் ஸ்பீட்பட்டன் என்றொரு வகை உண்டு. விண்டோஸிடம் தனக்கென ஹேண்டில் என்ற அடையாள எண் எதுவும் வாங்காமல், தாய்ச் சாளரத்தின் மேல் தன்னை ஓவியமாக வரைந்துகொள்ளும். அந்தக் காலத்தில் நினைவகத்தை மிச்சம் பிடிக்க நல்ல உத்தி. விண்டோஸைப் பொறுத்தவரை அங்கே பொத்தானே கிடையாது. வணிகக் கருவி ஏன் தூரத்தை அளந்து பதிவு செய்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டெல்ஃபி நிரலாளரிடம் போய்க் கேட்டேன். முக்கியமான திரைகளில் ஸ்பீட்பட்டனை எடுத்துவிட்டு, சொந்த ஹேண்டில் உள்ள பிட்பட்டனை வைத்துக் கொடுத்தார். அரை நாள் வேலை. ஓராண்டு உரிமக் கட்டணத்தால் தீராதது அரை நாளில் தீர்ந்தது. கூடவே பழைய பிழை ஒன்றும் வெளியே வந்தது. ஸ்பீட்பட்டனை அழுத்தினாலும் ஃபோகஸ், அதாவது தட்டெழுத்து போய்ச் சேரும் இடம், அதற்கு மாறாது. எனவே கடைசியாகத் தட்டெழுதிய கட்டத்தை விட்டு வெளியேறும்போது நடக்க வேண்டிய சரிபார்ப்பு நடக்காமலே பதிவு சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

டெல்ஃபியில் இன்னொரு பொறி: அடையாள எண். யுஐ ஆட்டோமேஷன் மரத்தில் தெரியும் ஆட்டோமேஷன் ஐடி என்ற பண்பு நிலையானது என்று நம்பி அதை வைத்து எழுதினேன். மறுநாள் எல்லாம் மாறியிருந்தது. டெல்ஃபி தன் கட்டுப்பாடுகளின் ஹேண்டில் எண்ணையே அடையாள எண்ணாகப் போட்டுவிடுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது புதிது. ஆகவே அந்தத் திரைகளில் வகைப் பெயர், வரிசை, ஆல்ட் விசைக் குறுக்குவழிகள் ஆகியவற்றை நம்பி ஓட்டுகிறேன். அழகாக இல்லை, ஆனால் ஓடுகிறது.

டபிள்யூபிஎஃப் திரைகள் நேர் எதிர். அங்கே முழுச் சாளரத்துக்கும் ஒரே ஹேண்டில். ஹேண்டிலை வைத்துத் தேடும் பழைய வின்32 வழியில் போகும் கருவிக்கு அது வெற்றுப் பலகை. யுஐ ஆட்டோமேஷன் வழியாகப் போனால் எல்லாமே தெரியும். திரையை விவரிக்கும் எக்ஸ்ஏஎம்எல் கோப்பில் நிரலாளர் வைத்த பெயரே ஆட்டோமேஷன் ஐடியாக வந்து நிற்கும். இதிலும் நான் ஒரு பள்ளத்தில் விழுந்தேன். இருப்புப் பட்டியலில் 23 வரிகள் இருக்க வேண்டும் என்று ஒரு சோதனை, மாதக்கணக்கில் வெற்றி. பெரிய திரைக்கு மாறியதும் 31 என்றது. பட்டியலில் இருந்தவை சில ஆயிரம் வரிகள். கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டுமே டபிள்யூபிஎஃப் உருவாக்கி வைக்கும். திரையில் எத்தனை கொள்ளும் என்பதைத்தான் நான் அத்தனை நாளும் சரிபார்த்திருக்கிறேன். இப்போது எண்ணிக்கையைத் தரவுத்தளத்தில் கேட்கிறேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு கருவியைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிட்டது. பழைய திரைகளுக்கு பைத்தான் மொழியின் பைவின்ஆட்டோ நூலகம்: வின்32, யுஐஏ (யுஐ ஆட்டோமேஷன்) என்று இரண்டு வழிகளும் அதில் உண்டு, சொல்லாவிட்டால் வின்32 வழியில் போகும் என்பது நினைவிருக்கட்டும். புதிய திரைகளுக்கு, சி ஷார்ப் நூலகமான ஃப்ளாயுஐ. அதில் யுஐஏ2, யுஐஏ3 என்று இரண்டு வழிகள். டபிள்யூபிஎஃப்புக்கு 3 சரி. வின்ஃபார்ம்ஸ் என்ற பழைய திரைத் தொழில்நுட்பத்தில் அது முரண்டு பிடித்தால் 2ஐப் பாருங்கள். ஃப்ளாயுஐயை எடுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. எங்கள் நிரலாளர்களும் சி ஷார்ப்தான் எழுதுகிறார்கள். சோதனை உடைந்தால் என்னைக் கூப்பிடாமல் அவர்களே திறந்து பார்க்கிறார்கள். அட்டவணையில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லவே இல்லை.

மைக்ரோசாஃப்டின் வின்ஆப்டிரைவரையும் யோசித்தேன். வலைத்தளங்களைச் சோதிக்கும் செலினியம் தெரிந்தவர்களுக்கு அது பழகிய வீடு. ஆனால் அதன் கடைசி நிலையான பதிப்பான 1.2.1 வந்தது 2020இல். சேவையின் மூலநிரலும் திறந்ததல்ல. இந்தத் துறையில் கருவிகளின் ஆயுள் எனக்குப் பெரிய கவலை. விஷுவல் ஸ்டுடியோவின் கோடட் யுஐ சோதனைகள் 2019 பதிப்போடு முடிந்தன. யுஎஃப்டி என்ற வணிகச் சோதனைக் கருவியின் ஸ்கிரிப்ட்கள் நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்த விபிஸ்கிரிப்ட் மொழியை மைக்ரோசாஃப்ட் 2023இல் கைவிடுவதாக அறிவித்தது. நாம் சோதிக்கும் மென்பொருள் இருபது ஆண்டுகள் உயிரோடு இருக்கும். கருவி இருக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தக் கருவியானாலும் இரவு ஓட்டத்தில் ஒரே மாதிரி அடி வாங்குவீர்கள். விஸ்டாவிலிருந்து, பின்னணியில் ஓடும் விண்டோஸ் சேவைகள் அமர்வு 0 என்ற தனி அமர்வில் ஓடுகின்றன. அங்கே பயனர் பார்க்கும் திரை கிடையாது. சோதனைகளைத் தானாகத் தொடங்கி வைக்கும் ஜென்கின்ஸின் முகவர் நிரலைச் சேவையாக நிறுவினால் சோதனைகள் இருட்டில் துழாவும். உள்நுழைந்த பயனரின் அமர்விலேயே அதை ஓட்ட வேண்டும். தொலை மேசை இணைப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாலும் இதே கதிதான்: திரை பூட்டிக்கொள்ளும், சுட்டியின் கிளிக் எங்கும் போய்ச் சேராது. வெளியேறும்போது டிஎஸ்கான் கட்டளையால் அமர்வைக் கன்சோலுக்கு, அதாவது அந்தக் கணினியின் சொந்தத் திரைக்கு, மாற்றிவிட்டால் திரை உயிரோடு இருக்கும். சோதிக்கப்படும் மென்பொருள் நிர்வாகி உரிமையில் ஓடினால் சோதனையும் அதே உரிமையில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பும் கிளிக்கை விண்டோஸ் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆனது.

'ஐந்து வினாடி பொறு' என்ற வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பழைய ஸ்கிரிப்ட்களில் அவை களைபோல் மண்டிக் கிடந்தன. குறிப்பிட்ட பொத்தான் அழுத்தத்தக்க நிலைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிரு என்று மாற்றியதில் ஓட்ட நேரமும் குறைந்தது, காரணமில்லாத தோல்விகளும் குறைந்தன.

மற்ற தொழில்நுட்பங்களில் என் அனுபவம் மேலோட்டமானது. க்யூட் தொழில்நுட்பத்தில் கட்டியவர்கள் ஸ்க்விஷ் கருவியைப் பார்க்கலாம். அதை உருவாக்கிய நிறுவனத்தையே க்யூட் நிறுவனம் 2021இல் வாங்கிவிட்டது. ஜாவா ஸ்விங் என்றால் அதன் அணுகல் வசதியான ஆக்சஸ் பிரிட்ஜை இயக்காமல் மரம் தெரியாது. எலெக்ட்ரானுக்கு இருந்த ஸ்பெக்ட்ரான் கருவி 2022இல் கைவிடப்பட்டது. அதற்கு பிளேரைட் கருவியில் சோதனை நிலையில் ஆதரவு உண்டு. லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ என்ற அணுகல் அமைப்பே கதவு.

எங்களிடம் இன்னும் தீராத ஒரு திரை இருக்கிறது: கிடங்கின் அடுக்குகளை வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும் வரைபடம். இன்ஸ்பெக்டில் அது ஒரே ஒரு செவ்வகம். சிக்குலிஎக்ஸை அதற்காக மட்டும் வைத்துப் பார்த்தேன். அருகருகே இருக்கும் இரண்டு பச்சைகளுக்கு வித்தியாசம் தெரியாமல் திணறியது. கட்டங்களுக்கு அணுகல் பெயர் வைத்துத் தரும்படி கோரிக்கை கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு அந்தத் திரையை நானே உட்கார்ந்து கிளிக் செய்து பார்க்கிறேன். இருபது நிமிடம் ஆகிறது.