மட்குக் குவியலுக்கு எது: பழைய மட்கா, பூஞ்சணப் பொடியா, இ.எம். கரைசலா?

சாணம், வைக்கோல், சோளத்தட்டை, களைச்செடி என எல்லாவற்றையும் குவித்துவிட்டால், எதையும் ஊற்றாவிட்டாலும் அது மட்கத்தான் போகிறது. எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு முழுசாக என்பதில்தான் போட்டி.

என் ஓட்டு, செலவே இல்லாத சாணக் கரைசலுக்கும் பழைய மட்குக்கும்தான். ஒரு கிராம் சாணத்திலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது. பாதி மட்கிய குவியலைப் புரட்டினால் உள்ளே சாம்பல் தூவினாற்போல ஒரு படலம் தெரியும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்; அது ஆக்டினோமைசீட்ஸ், சூட்டில் வேலை செய்யும் பாக்டீரியாக் கூட்டம். அந்த மட்கில் நாலைந்து கூடை எடுத்துப் புதுக் குவியலில் கலந்தால், சூட்டுக்குப் பழகிய நுண்ணுயிர்கள் முதல் நாளிலேயே வந்து சேர்ந்துவிடும். பாக்கெட்டில் வரும் நுண்ணுயிர் இவற்றோடு மல்லுக்கட்டித்தான் பிழைக்க வேண்டும். ஆய்வுகளிலும் வாங்கிச் சேர்த்ததன் பலன் ஒரே மாதிரி வருவதில்லை.

பூஞ்சணப் பொடியாக வரும் டிரைக்கோடெர்மா நல்ல பூஞ்சணம்தான், போடும் நேரம்தான் தப்பாகிவிடுகிறது. அதற்குப் பிடித்தது 25 முதல் 30 டிகிரி. சரியாகக் கட்டிய குவியலோ சில நாளிலேயே 55, 65 டிகிரிக்கு ஏறிவிடும். தொடக்கத்திலேயே தூவினால் பெரும்பாலும் வெந்து போகும். சூடு 40-க்குக் கீழே இறங்கியபின் கலந்தால், மிச்சமிருக்கும் செல்லுலோஸை, அதாவது செடியின் நார்ப்பொருளை, அது சிதைக்கும். வயலுக்குப் போனபிறகு வேரழுகல் பூஞ்சணங்களையும் ஓரளவு அடக்கும். ஆனால் கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் அதற்குச் சரிப்படாது. தென்னை நார்க்கழிவு, பருத்திமார் போன்ற கட்டைக் கழிவு நிறைய இருந்தால் சிப்பிக்காளான் வித்துதான் உதவும். சாணமும் கைவசம் இல்லையென்றால் இவற்றைக் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

இ.எம். (எஃபெக்டிவ் மைக்ரோஆர்கனிசம்ஸ்) கரைசல் வேறு ரகம். 1980-களில் ஜப்பானின் ஒகினாவாவில் பேராசிரியர் தெருவோ ஹிகா உருவாக்கிய கலவை அது. லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா மூன்றும் சேர்ந்தது. காற்றுப் புகாத வாளியில் புளிக்க வைப்பதற்கு இது கச்சிதம். புளிப்பு ஏறுவதால் நாற்றம் மட்டுப்படும். ஆனால் அப்படி வருவது ஊறுகாய்ப் பதத்துக் கழிவு, மட்கிய உரம் அல்ல. மண்ணில் புதைத்துச் சிறிது காலம் விட வேண்டும். காற்றோட்டமாகப் புரட்டிப் போடும் திறந்த குவியலில் இதற்காகச் செலவழிக்க மாட்டேன்.

எதைச் சேர்த்தாலும் அடிப்படை பிசகினால் பிரயோசனமில்லை. கார்பன்–நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30-க்கு 1 என்று தொடங்க வேண்டும். நெல் வைக்கோலில் இது 60, 80 என்று போகும், கோழி எருவிலோ 10-ஐ ஒட்டித்தான். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது. பொடி தேடாமல் இன்னும் வைக்கோல் போடுங்கள். ஈரம் 50–60 சதவீதம்: கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது.

அசோட்டோபாக்டர் (காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா), பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாக்டீரியா) சேர்க்க நினைப்பவர்களும் டிரைக்கோடெர்மாவுக்குச் சொன்னதுபோலவே சூடு தணியும்வரை பொறுக்க வேண்டும். கலந்தபிறகு நிழலில், ஈரம் காயாமல் வைத்திருங்கள்.