திருச்சியில் ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சி: ஆபீசுக்கு இரண்டு நட்சத்திரம், வந்த சிஸ்டருக்கு ஐந்து

ரேட்டிங் போடச் சொல்லி ஏஜென்சியிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ் வருகிறது, சரி, போட்டுவிடுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. திருச்சியில் இந்தத் தொழிலை நிறையப் பேர் நடத்துகிறார்கள், நான் சொல்கிற குறைகள் இவர்களிடம் மட்டும் இருப்பவை என்றும் தோன்றவில்லை.

அப்பா பெல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, ஆனால் நாம் பேசுவது அத்தனையும் அவருக்குப் புரியும். மூக்கு வழியாகச் சாப்பாடு கொடுக்க ரைல்ஸ் டியூப், யூரின் டியூப், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரைக்கு இன்சுலின், இந்த நிலையில் டிஸ்சார்ஜ் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, அண்ணனுக்கு ஷிப்ட் வேலை. ஆள் வைக்காமல் முடியாது.

போன் செய்தால் முதல் கேள்வியே "நர்ஸ் வேணுமா, கேர்டேக்கர் வேணுமா, பன்னெண்டு மணி நேரமா, இருபத்தி நாலா?" என்பதுதான். நர்ஸுக்கு ரேட் ரொம்பவே கூடுதல். டியூப், ஊசி எல்லாம் இருப்பதால் நர்ஸே வேண்டும் என்று சொல்லி அட்வான்ஸ் கட்டினோம். வந்த பெண் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தது, பேர் போட்ட பேட்ஜும் இருந்தது. விசாரித்தால் ஏதோ இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாதப் பயிற்சி. தங்கமான பெண், குறை சொல்ல மனசு வரவில்லை, அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்துவிடுவதில் அவ்வளவு பக்குவம். ஆனால் நர்ஸ் இல்லை. ஏஎன்எம் என்றால் இரண்டு வருடப் படிப்பு, ஜிஎன்எம் மூன்று வருடம், பிஎஸ்சி நர்சிங் நான்கு வருடம், முடித்த பிறகு தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர்கள் கவுன்சிலில் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும். 1926-இல் போட்ட சென்னை மாகாணச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது, நேற்று வந்த புது விதி ஒன்றும் இல்லை. அந்த நம்பரைக் கேட்டபோது ஆபீசில் இருந்தவர், "எல்லாரும் டிரெயின்ட் ஸ்டாஃப்தான் மேடம், இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்றார். யாரும் கேட்காததால்தான் நர்ஸ் ரேட்டுக்கு கேர்டேக்கரை அனுப்ப முடிகிறது. பாவம் அந்தப் பெண்ணையும் ஆபத்தில் மாட்டிவிடுகிறார்கள், ஏதாவது ஆகியிருந்தால் போலீஸ் வந்து முதலில் நிற்கப்போவது அவள் முன்னால்தானே.

சண்டை போட்ட பிறகுதான் கவுன்சில் பதிவு நம்பரோடு ஒரு சிஸ்டர் வந்தார். ஜிஎன்எம் முடித்தவர். இந்த ரிவ்யூ முக்கால்வாசி அவரைப் பற்றித்தான்.

வந்ததும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தன் பெயரைச் சொல்லி, "அப்பா, இனிமே நான்தான் உங்களைப் பாத்துக்கப் போறேன். பிபி பாக்கலாமா? வேணாம்னா இடது கையைத் தூக்குங்க" என்றார். நாங்களே அதுவரை அப்பாவிடம் எதையும் கேட்டுச் செய்ததில்லை, அவர் தலைக்கு மேலே எங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டிருந்தோம். அப்பா கையைத் தூக்கவில்லை, ஆனால் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் மருந்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சீட்டோடு வைத்துப் பார்த்தார். இங்கேதான் விஷயம். அப்பாவுக்கு வருகிற இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு 40 அளவு போட்ட ஊசி வேண்டும், சிவப்பு மூடி இருக்கும். மெடிக்கலில் கொடுத்திருந்தது ஆரஞ்சு மூடி போட்ட 100 அளவு ஊசி. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இல்லை என்று டாக்டர் போனிலேயே 26 ஆக ஏற்றியிருந்தார். காரணம் யாருக்கும் தெரியவில்லை, அந்த முதல் பெண்ணுக்கும் தெரிய வாய்ப்பில்லை. சரியான ஊசி வாங்கிவந்தால் போதும் என்றுதான் நான் கிளம்பினேன். சிஸ்டர் விடவில்லை. இப்போது சரியான ஊசியில் 26 போட்டால் ஒரேயடியாக இரண்டரை மடங்கு ஏறும், சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கிவிடலாம், டாக்டர் சொல்லாமல் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டாக்டரைப் பிடித்து நடந்ததைச் சொல்லி, புது அளவை வாங்கி, அதை அவர் வாயால் திரும்பச் சொல்லவைத்து, தேதி நேரத்தோடு நோட்டில் எழுதி, மெசேஜிலும் அனுப்பச் சொல்லி வாங்கிய பிறகுதான் ஊசியை எடுத்தார். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று நர்சிங்கில் சொல்லிக்கொடுக்கும் ஐந்தும் பாடப்புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும். எங்கள் வீட்டில் அது அப்பாவின் உயிர்.

ஏஜென்சி சூப்பர்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? "அதையெல்லாம் நோட்ல எழுதாதீங்க சிஸ்டர், கம்ப்ளெய்ன்ட் ஆயிடும்." ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. சிஸ்டர் குரலை உயர்த்தாமல், "எழுதிட்டேன் சார், இனிமே அடிக்க முடியாது" என்றார். நான் ஒரு நட்சத்திரம் குறைத்தது அந்த ஒரு போனுக்காக.

அவர் மறுத்த இன்னொரு விஷயம், எங்கள் வீட்டிலேயே மனஸ்தாபம் ஆனது. ஒரு சாயங்காலம் முழுக்க அப்பா புரண்டுகொண்டே இருந்தார், முனகல், இடது கையால் எதையாவது பிடித்து இழுப்பது. அண்ணி அம்மாவுடைய தூக்க மாத்திரையில் பாதியைப் பொடித்து டியூப்பில் விடலாம் என்றார். அல்பிரசோலம் வகை, எச்1 பட்டியலில் இருப்பது, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையிலேயே கொடுக்கக்கூடாது. இன்னொருத்தர் பெயரில் வாங்கிய மாத்திரையை இவருக்குக் கொடுக்கச் சிஸ்டர் முடியாது என்றார். அண்ணனுக்குக் கோபம், "காசு கொடுக்கிறது நாங்க" என்கிற அளவுக்குப் போய்விட்டது. அவர் பதில் பேசாமல் போர்வையை விலக்கிப் பார்த்தார். யூரின் டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது, பை காலி, அடிவயிறு கல் மாதிரி. டியூப்பை நேராக்கியதும் பை நிறைந்தது, அப்பா தூங்கிவிட்டார். மாத்திரையைக் கொடுத்திருந்தால் வலியைச் சொல்லக்கூட விடாமல் தூங்கவைத்திருப்போம்.

கையைக் கட்டுவதும் அப்படித்தான். ரைல்ஸ் டியூப்பை இரண்டு தடவை பிடுங்கிவிட்டார் என்று பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிலில் கட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, பெரிய ஆஸ்பத்திரியிலேயே கட்டினார்களே என்று. டாக்டர் எழுதித்தராமல், எவ்வளவு நேரம் என்று சொல்லாமல், நடுநடுவே அவிழ்த்து ரத்த ஓட்டம் பார்க்காமல் ஒருவரைக் கட்டிப்போட ஒரு நர்ஸுக்கும் அதிகாரம் இல்லை என்றார். 2017 மனநலச் சட்டத்தில், ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ தண்டனையாகவோ நோயாளியைக் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அது மனநல நிலையங்களுக்கான சட்டம்தான், ஆனால் அங்கேயே கூடாது என்றால் வீட்டுக் கட்டிலில் எப்படிக் கூடும்? பஞ்சு வைத்த கையுறை போடலாமா என்று கேட்டேன். அதுவும் ஒரு வகைக் கட்டுதான், கேட்டுவிட்டுப் போடலாம் என்றார். கடைசியில் அதுவும் தேவைப்படவில்லை, மூக்கில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடம் புண்ணாகி அரித்திருக்கிறது, இடத்தை மாற்றி ஒட்டியதும் கை போகவில்லை.

அதன் பிறகும் ஒரு நாள் டியூப் வெளியே வந்துவிட்டது, இருமியபோது. திரும்பப் போட எடுத்ததும் அப்பா இடது கையைத் தூக்கினார். முதல் நாள் சிஸ்டர் சொல்லிவைத்த அடையாளம். சிஸ்டர் நிறுத்திவிட்டார். இது பட்டினி விஷயம் என்பதால் நாங்கள் எல்லோரும் "போடுங்க சிஸ்டர், அவருக்கு என்ன தெரியும்" என்கிறோம். அவருக்குத் தெரியும் என்பதுதான் பிரச்சினையே. சுயநினைவோடு இருக்கிற ஆள் வேண்டாம் என்றால் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டால் போதாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்து வேறொரு அறுவைச் சிகிச்சை செய்ய முடியாது, நோயாளியிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அம்மா கொடுத்த சம்மதமே செல்லவில்லை. சிஸ்டர் டாக்டருக்குச் சொன்னார். டாக்டர், விழுங்குவதைப் பரிசோதிக்கிறவரோடு வந்தார். கெட்டியாகக் கரைத்த கஞ்சியை உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று முடிவானது. எல்லாருக்கும் இப்படிச் சாதகமாக முடியும் என்று சொல்லவரவில்லை, விழுங்க முடியாதவருக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், அதனால் பார்த்துவிட்டு ஊட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, வால் எலும்பு மேலே சிவந்த இடத்தை விரலால் அழுத்தி வெளுக்கிறதா என்று பார்ப்பது, அங்கே பவுடர் போட்டுத் தேய்க்காமல் இருப்பது, இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரியில், தாக்கப்பட்டு நினைவில்லாமல் படுக்கையில் கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாகை 1973-லிருந்து 2015 வரை சக நர்ஸ்கள் படுக்கைப் புண் இல்லாமல் பார்த்துக்கொண்டதைச் சிஸ்டர் ஒருமுறை சொன்னார். நர்ஸ்களுக்கு அது ஒரு பெருமை.

மானம் மரியாதை விஷயத்தில் மட்டும் சொந்தக்காரர்களோடு மோதல். நம் ஊரில் படுத்துக் கிடப்பவரைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். துணி மாற்றும்போது எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். "நான் அவன் கூடப் பொறந்தவ" என்று அத்தைக்கு வருத்தம். டியூப்போடு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட வந்த பையனிடம், "தாத்தாகிட்ட கேட்டியா தம்பி?" என்றார், அவன் போனை உள்ளே வைத்துவிட்டான். இதற்கு நேர்மாறாக ஏஜென்சி என்ன செய்தது என்றால், முதலில் வந்த பெண் ஆபீஸ் குரூப்புக்கு அனுப்பிய படத்தை எடுத்துத் தங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தது. முகம் தெரியவில்லையாம். எங்கள் வீட்டுக் கட்டில் எங்களுக்குத் தெரியாதா? கத்திய பிறகு எடுத்தார்கள்.

சம்பளம் பற்றியும் சொல்லவேண்டும், ரிவ்யூவில் யாரும் எழுதுவதில்லை. நாங்கள் கட்டுவதில் நல்ல பங்கு ஏஜென்சிக்குத்தான் போகிறது, சிஸ்டரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அவர்களிடம். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளத்தை ஆராய 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. வீட்டுக்கு வருகிற நர்ஸ் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவருக்கு வார விடுமுறை கேட்டு நாங்கள்தான் ஏஜென்சியோடு பேசவேண்டியிருந்தது, அவர் கேட்டால் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்களாம்.

ஒப்பந்தத்தில் "எந்த விளைவுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பணம் கொடுத்து வாங்குகிற மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2019 சட்டம் அநியாய ஒப்பந்தத்தையும் கேள்வி கேட்கவிடுகிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பாருங்கள். ரசீது, ஒப்பந்தம், நர்ஸ் எழுதிய நோட்டு மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி இந்த ஏஜென்சியைக் கூப்பிடுவேனா? அதே சிஸ்டர் வருவதாக எழுதிக்கொடுத்தால் கூப்பிடுவேன், இல்லையென்றால் மாட்டேன். ஆள் எடுப்பதற்கு முன்னால் கவுன்சில் பதிவு நம்பர், படிப்பு, அவசரத்துக்கு எந்த டாக்டரைக் கூப்பிடுவார்கள், தினமும் எழுதுகிற நோட்டு யாரிடம் இருக்கும், இவற்றைக் கேட்டுவிடுங்கள். காசு கட்டுப்படியாகாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றி விசாரியுங்கள். 2021-இல் ஆரம்பித்த திட்டம், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபி செய்கிறவரும் வீட்டுக்கே வருவார்கள், காசு கிடையாது. நாள் முழுக்க உட்கார மாட்டார்கள், அதற்கு வீட்டு ஆள்தான்.