மாயவரத்தில் காற்று வாங்கிய வாட்டர் கூலர்

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி மாயவரம் வந்து சேர்ந்த அன்று ராத்திரியே அக்கா பையன் என்னை மாடிக்குக் கூட்டிப்போனான். "மாமா, இந்தச் சத்தத்தக் கேளுங்களேன்." கல்யாண வீடியோ எடிட்டிங்தான் அவனுக்குத் தொழில். வைகாசி முகூர்த்த வேலை மலையாகக் குவிந்துகிடந்தது. கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள்ளிருந்து களக் களக்கென்று ஒரு சத்தம். ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை, போட்ட சில நிமிஷத்தில் ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டது, வேகம் தானாகக் குறைந்தது.

அத்தான் கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். மோட்டார் வைத்துக் குறுவை போடுகிறவர். நிலைப்படியில் நின்று கேட்டுவிட்டு, "மோட்டார் காத்து வாங்குற சத்தம்ல இது" என்றார்.

மெஷின் ரெண்டு மாசத்துக்கு முன் உள்ளூர்க் கடையில் போட்டது. இன்டெல் ஐ7 14700கே ப்ராசஸர், அதன் சூட்டைத் தணிக்க 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்த வாட்டர் கூலர். மறுநாள் அங்கேயே கொண்டுபோனோம். பக்கத் தகட்டைக் கழற்றக்கூட இல்லை. "240 பத்தாது சார், 360 மாத்திருங்க, 14,000 ஆகும்" என்றார்கள். ராப்பகலாக உழைத்து வாங்கிய பொருளை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். காசைவிட அதுதான் மனசை வலித்தது.

கும்பகோணத்தில் ஒரு சின்னக் கடையைப் பற்றி நண்பர் சொல்லியிருந்தார். கேபினெட்டைப் போர்வையில் சுற்றிக் காரின் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த தம்பிக்கு 25 வயசு இருக்கலாம். தகட்டைக் கழற்றினார், கரண்டைப் பிடுங்கினார், கேபினெட்டை ரெண்டு கையாலும் பிடித்து மெல்லச் சாய்த்துக் காதை ஒட்டி வைத்தார். "உள்ள தண்ணி நகர்றது கேக்குதா சார்?" கேட்டது. பாட்டிலில் கால்வாசி காலியாக இருந்தால் வருமே, அந்தச் சத்தம்.

இந்த வகை கூலரில் பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் கம்பெனியிலேயே மூடி வரும். ஆனாலும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். வருஷக்கணக்கில் குழாய்ச் சுவர் வழியாகத் திரவம் கொஞ்சங்கொஞ்சமாக ஆவியாக வெளியேறி காற்று இன்னும் கூடும். காற்று எப்போதும் உயரமான இடத்துக்குத்தான் போகும். முதல் கடையில் ரேடியேட்டரை கேபினெட்டின் அடியில் மாட்டியிருந்தார்கள். அதனால் ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருந்த பம்ப்தான் எல்லாவற்றுக்கும் உயரத்தில் இருந்தது. காற்று அத்தனையும் அங்கே போய் நின்றுவிட்டது. அத்தான் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

ரேடியேட்டரை மேலே மாட்ட மெமரி (ரேம்) மேல் இருக்கும் தகடு இடித்தது. அதனால் முன்பக்கம், குழாய்கள் கீழே வரும்படி திருப்பி மாட்டினார். இப்போது காற்று ரேடியேட்டரின் உச்சியில் தங்கும், பம்ப் வரை வராது. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொஞ்சம் சூடான காற்று போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவும் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதுசு வைத்தார். பயாஸில், அதாவது மெஷினின் அடிப்படை செட்டிங்கில், பார்த்தால் பவருக்கு வரம்பே போடாமல் விட்டிருந்தார்கள். இந்த ப்ராசஸருக்கு இன்டெல் சொல்லும் உச்சமே 253 வாட். அதை 180-இல் நிறுத்தினார். ரெண்டருக்குச் சில நிமிஷம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

வாட்டர் கூலர் வாங்க நினைக்கிற டெல்டாக்காரர்களுக்கு இதையும் சொல்லவேண்டும். வாட்டர் கூலர் ஃப்ரிட்ஜ் இல்லை. சூட்டை ப்ராசஸரிலிருந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் அறைக் காற்றில் கொட்டும். அறையே 36 டிகிரி என்றால் உள்ளே ஓடும் தண்ணி அதற்குக் கீழே இறங்காது. சிங்கப்பூரில் ஏசி அறையில் இதே அளவு கூலர் எனக்குத் தாராளமாகப் போதுகிறது. மொட்டைமாடிக்கு அடியில் வெயில் இறங்கும் அறையில் அப்படி இருக்காது. தண்ணி சூடேறக் கொஞ்ச நேரம் பிடிப்பதால் சின்ன வேலைகளில் வித்தியாசம் தெரியாது. ஒரு மணி நேர ரெண்டரில் ரேடியேட்டரின் பரப்புதான் பேசும். 14700கே மாதிரி ப்ராசஸரை நாள் முழுக்க ஓட்டுவதானால் 360 நல்லதுதான், ஆனால் முதலில் கேபினெட்டில் இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

புதிதாக வாங்குவதானால் நான் 65 வாட் ரக ப்ராசஸர் ஒன்றை, ரைசன் 7 7700 மாதிரி, எடுத்து, தண்ணி இல்லாமல் ஃபேனால் மட்டும் குளிர்விக்கும் நல்ல டவர் ஏர் கூலர் போடச் சொல்வேன். உயரமான டவர்கள் 155, 160 மில்லிமீட்டர் வரும், அதையும் அளந்துகொள்ளுங்கள். ஃபேன் போனால் நம்மூரிலேயே வாங்கி மாட்டிவிடலாம். பம்ப் போனால் கூலரையே மாற்றவேண்டும், வாரண்டிக்கு சென்னைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். முகூர்த்த மாசத்தில் அந்தப் பையனால் அது முடியுமா?

பில் 800 ரூபாய். கிளம்பும்போது அந்தத் தம்பி குழாய் இருக்கும் பக்கத்தை என் மருமகன் போனில் படம் எடுக்கவைத்தார். "அறுப்பு சமயத்துல வக்கத் தூசி வந்து ரேடியேட்டர்ல அடைக்கும். மாசம் ஒருதரம் ப்ளோயர் புடிங்க தம்பி."

ராத்திரி மாடியில் ரெண்டர் ஓடியது. 84-க்கு மேல் ஏறவில்லை. சாப்பிட்டுவிட்டு மேலே வந்த அத்தான் கேபினெட் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் கேட்டார். "இப்பத் தண்ணி எடுத்துருச்சு" என்றார்.