தீவுப் பயணத்துக்கு விண்டி செயலி: மழையை விடுங்கள், காற்றைப் பாருங்கள்

சின்னத் தீவு ஒன்றுக்குப் போய் எந்த அவசரமும் இல்லாமல் கிடந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது ஒன்றுதான், அங்கே எந்த மாதங்களில் மழை இருக்காது என்று. பதில் சுலபமாகக் கிடைத்துவிடும். மாலத்தீவு என்றால் ஜனவரியிலிருந்து ஏப்ரல். பார்படாஸ் என்றால் டிசம்பரிலிருந்து மே. ஃபிஜி என்றால் மே முதல் அக்டோபர். மாதம் முடிவானதும் டிக்கெட் போட்டு, தங்கும் இடத்துக்கும் பணம் கட்டிவிட்டு, இனி வானிலையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றில் மழை குறைகிற அதே மாதங்களில்தான் காற்று விடாமல் அடிக்கும். பள்ளிக்கூடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, வட அரைக்கோளத்தில் வடகிழக்கிலிருந்தும் தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வருமே, அதேதான். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், வெயில் பளீரென்று அடிக்கும், கடலில் மட்டும் இறங்க முடியாது. மீன் பார்க்கலாம் என்று தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் கலங்கல்தான் தெரியும். படகில் ஏறினால் ஆளே நனைந்து போவோம்.

அதனால் மழையில்லாத பருவத்தில் தீவுக்குப் போகிறவருக்கு வேண்டியது மழைக் கணிப்பு அல்ல, காற்றும் அலையும். இந்த இரண்டையும் இவ்வளவு தெளிவாக, சாதாரண ஆளுக்கும் புரிகிற மாதிரி, காசில்லாமல் காட்டுகிற ஒன்றாக எனக்குத் தெரிந்தது விண்டிதான். ரொம்பக் காலமாகப் பயன்படுத்துகிறேன், தைரியமாகச் சொல்வேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விண்டி என்ற பெயரில் இரண்டு செயலிகள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு நிறுவனங்களுடையவை. நான் சொல்வது விண்டி டாட் காம். இன்னொன்று விண்டி டாட் ஆப், அதுவும் காற்று பற்றியதுதான், ஆனால் இது அதைப் பற்றியதல்ல. விண்டி டாட் காம் 2014இல் செக் நாட்டில் தொடங்கியது. ஆரம்பித்த இவோ லுகாச்சோவிச், செஸ்னாம் என்ற செக் தேடுபொறியை உருவாக்கியவர், காற்றில் பறக்கும் பெரிய பட்டம் இழுக்கப் பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் கைட் சர்ஃபிங்கில் ஆர்வம் உள்ளவர். அந்த ஆர்வம் செயலியில் அப்படியே தெரியும். மற்ற வானிலைச் செயலிகளைத் திறந்தால் முதலில் ஒரு சூரியன் படமோ மேகம் படமோ வரும். இதில் முதலில் வருவது உலக வரைபடமும், அதன்மேல் வெள்ளைக் கோடுகளாக ஓடிக்கொண்டிருக்கும் காற்றும்தான்.

இதை நான் எடுப்பது கிளம்புவதற்கு முந்தின நாள் அல்ல. கணிப்பு என்பது பத்து நாளைக்கு மேல் போனால் நம்பத் தகுந்ததாக இருக்காது, எந்தச் செயலியாக இருந்தாலும் சரி. ஆறு மாதம் கழித்துப் போகிற பயணத்துக்கு அது என்ன செய்யும் என்று கேட்கலாம். வியாபாரக் காற்று கட்டுப்பாடான காற்று. பருவம் வந்துவிட்டால் வாரக்கணக்கில் ஏறக்குறைய ஒரே திசையில் வீசும். ஆகவே அடுத்த வருடம் ஜூலையில் போகிற எண்ணம் இருந்தால் இந்த வருடம் ஜூலையில் அந்தத் தீவை அடிக்கடி திறந்து பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது, சாதாரண நாளில் எத்தனை நாட் (காற்று வேகத்தின் அளவு, ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்), வேகம் இறங்குகிற நாட்களும் இருக்கின்றனவா என்பதெல்லாம் கொஞ்ச நாளிலேயே பிடிபட்டுவிடும். எந்தப் பயணக் கட்டுரையிலும் இவ்வளவு கிடைக்காது, அவற்றில் எல்லாம் மாதவாரி மழை அளவும் வெப்பமும்தான் இருக்கும்.

அப்படிப் பார்த்தால் கிடைக்கிற பெரிய லாபம், தீவின் எந்தப் பக்கம் தங்குவது என்று தெரிந்துவிடும். காற்று மோதும் பக்கம், காற்று மறைவுப் பக்கம் என்று புவியியல் பாடத்தில் மலைக்குச் சொல்வார்கள். தீவுக்கும் அதேதான். மொரீஷியஸில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் நேராக வந்து அடிக்கும், மேற்குக் கரை மறைவில் அமைதியாகக் கிடக்கும். பார்படாஸில் கிழக்குக் கரை அட்லாண்டிக்கின் முழு வேகத்தையும் வாங்கும், நீந்துகிறவர்கள் எல்லோரும் மேற்குக் கரைக்குத்தான் போவார்கள். இவை பெரிய தீவுகள். அரை மணியில் நடந்து கடந்துவிடக்கூடிய தீவிலும் இந்த வித்தியாசம் இருக்கும் என்பது நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். ஒரு பக்கம் தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே திசையில் சீவிவிட்ட மாதிரி வளைந்திருக்கும், அலையின் தலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உடையும், பேசினால் காது கேட்காது. ஒற்றையடிப் பாதை வழியாக நடந்து மறுபக்கம் வந்தால் முழங்கால் ஆழத்தில் நிற்கும்போது கால் விரல் நகம் வரை தெரியும். அறை வாடகை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கலாம், படங்களும் காற்று அடங்கிய ஒரு நாளில் எடுத்தவையாகவே இருக்கும். முன்பதிவு செய்வதற்கு முன்னால் விண்டியைத் திறந்து காற்றுக் கோடுகள் தீவின் எந்த விளிம்பில் வந்து முட்டுகின்றன என்று பார்த்துவிட்டாலே போதும்.

மாலத்தீவு போன்ற இடங்களில் மழையில்லாத காலத்திலும் காற்று இவ்வளவு படுத்தாது. பிப்ரவரி, மார்ச்சில் அங்கே கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். எல்லாத் தீவுக்கும் ஒரே விதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து அலை. விண்டியின் உண்மையான மதிப்பு இங்கேதான் என்று நினைக்கிறேன். விண்டியில் காற்று, அலை, மழை என்று ஒவ்வொன்றையும் வரைபடத்தின்மேல் தனித்தனி அடுக்காகத் திறந்து பார்க்கலாம். அலை அடுக்கில் காற்றலை தனியாகவும் ஸ்வெல் எனப்படும் நெடுந்தொலைவு அலை தனியாகவும் இருக்கும். காற்றலை அந்த இடத்தில் அப்போது வீசுகிற காற்றால் எழுவது, காற்று நின்றால் அதுவும் அடங்கும். ஸ்வெல் அப்படியில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலில் பிறந்து, நாட்கணக்கில் பயணம் செய்து, காற்றே இல்லாத கரையில் வந்து ஏறும். நம் பக்கம் கள்ளக்கடல் என்று செய்திகளில் எச்சரிப்பார்களே, அதுவும் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருந்து வருகிற இதே வகை அலைதான். இதைக் கண்டுபிடிக்க உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் நொடிக் கணக்கு ஒன்று இருக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை நொடி என்று. ஒரு மீட்டர் உயரம் ஆறு நொடி என்றால் சலசலவென்று இருக்கும், படகு குலுங்கும், அவ்வளவுதான். அதே ஒரு மீட்டர் பதினைந்து நொடி என்றால் ஆழ்கடலில் ஒன்றுமே தெரியாது, ஆனால் பவளப்பாறையின் மேலோ ஆழமில்லாத கரையிலோ வந்ததும் எழுந்து நின்று உடையும். ஒரே உயரமுள்ள அலையில் நொடி கூடக் கூட அது சுமந்து வருகிற சக்தியும் கூடும். பதினைந்து நொடி ஸ்வெல் மணிக்கு 40 கிலோமீட்டருக்குமேல் நகரும், ஒரு நாளில் சுமார் 1000 கிலோமீட்டர். அதனால் புயல் எங்கோ அடிக்கும்போதே, நம் தீவுக்கு அது வந்து சேர நாலைந்து நாள் இருக்கும்போதே, வரைபடத்தில் அந்த அலைக்கூட்டம் கிளம்பி வருவதைப் பார்க்கலாம். பார்த்தவுடன் பாறைப் பக்கம் நீந்துவதை முன்னாலோ பின்னாலோ தள்ளி வைத்துவிட வேண்டியதுதான்.

மறைவுப் பக்கம்தான் எப்போதும் பத்திரம் என்றும் நினைக்க முடியாது. கரீபியன் தீவுகளில் மழையில்லாத குளிர்கால மாதங்களில் வட அட்லாண்டிக் புயல்களின் ஸ்வெல் வடக்கிலிருந்து இறங்கி, காற்று மறைவான மேற்குக் கரைகளையும் வந்து தொடும். காற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது புரியவே புரியாது. விண்டியில் ஸ்வெல் அடுக்கைத் திறந்தால் அம்புக்குறி வேறு திசையில் இருப்பது பளிச்சென்று தெரியும்.

மழைக் கணிப்புக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் விண்டியையும் சரி, வேறு எந்தச் செயலியையும் சரி, சின்னத் தீவுக்கு நான் அவ்வளவாக நம்புவதில்லை. காரணம் எளிது. விண்டி தானாகக் கணிப்பதைவிட முக்கியமாக, பெரிய வானிலை மையங்களின் கணிப்புகளை வாங்கிக் காட்டுகிறது. அவற்றில் ஐரோப்பிய மையமான இசிஎம்டபிள்யூஎஃப் உலகத்தை 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஜெர்மனியின் ஐகான் 13 கிலோமீட்டர். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் இதில் 22 கிலோமீட்டர் கட்டமாகக் கிடைக்கிறது. நீங்கள் போகிற தீவே இரண்டு கிலோமீட்டர் நீளம்தான் என்றால் அந்தக் கணக்கில் அப்படி ஒரு தீவே கிடையாது, அங்கே இருப்பது வெறும் கடல். திரையில் தெரிகிற 0.4 மில்லிமீட்டர் அந்தக் கட்டம் முழுவதற்குமான சராசரி. நிஜத்தில் ஒரு மேகம் கால் மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும், அல்லது பக்கத்துத் தீவில் கொட்டும். மழையில்லாத பருவத்தில் வருகிற மழை பெரும்பாலும் இப்படித்தான். வாரம் முழுக்க மழைத்துளிப் படம் போட்டிருக்கிறதே என்று பயணத்தை ரத்து செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். காற்றுக்கும் ஸ்வெல்லுக்கும் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை, அவை திறந்த கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவி நிற்பவை, கட்டம் பெரிதாக இருந்தாலும் அகப்பட்டுவிடும். நடுவில் மலை உள்ள தீவென்றால் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும், மலை தன் பங்குக்கு மழையையும் காற்றையும் மாற்றிவிடும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நான் பார்ப்பது கணிப்புகளை ஒப்பிடும் பகுதி. தீவின்மேல் புள்ளியை வைத்து அதைத் திறந்தால் எல்லா மையங்களின் கணிப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக வரும். மூன்றும் வியாழக்கிழமை 20 நாட் என்று சொன்னால் வியாழக்கிழமை படகு பயணம் வேண்டாம். ஒன்று 10 என்றும் இன்னொன்று 20 என்றும் சொன்னால் இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம், இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் 10 நாட் வரை நிம்மதியாக நீந்தலாம், 15 தாண்டினால் சின்னப் படகில் ஏறியவர்கள் எல்லோரும் நனைவார்கள், 20 தாண்டினால் பொறுப்பான படகோட்டிகள் கிளம்ப மாட்டார்கள். காற்று வேகத்தோடு குபீரென்று கிளம்பும் வீச்சு வேகத்தையும் பாருங்கள், அதற்குத் தனி அடுக்கு இருக்கிறது.

படகு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தங்கும் விடுதிக்காரர்கள் படகு வருடம் முழுக்க, தினமும் ஓடும் என்று எழுதியே கொடுத்தார்கள். நாங்கள் திரும்ப வேண்டிய நாளில் கடல் சரியில்லை என்று நிறுத்திவிட்டு, கூடுதல் இரவுக்கு முழு வாடகை வாங்கினார்கள். கடல் சரியில்லாதபோது நிறுத்தியது சரிதான், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அந்தக் காற்று ஏறப்போவது பல நாட்களாகத் திரையில் தெரிந்துகொண்டிருந்தது, ஒரு நாள் முன்னதாகவே ஆட்களை அனுப்பியிருக்கலாம், நானும் கேட்டேன், ஒன்றும் ஆகாது என்றார்கள். அதிலிருந்து தீவைவிட்டுக் கிளம்பும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு இரவு இடைவெளி விட்டுத்தான் டிக்கெட் போடுகிறேன்.

கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் இரண்டையும் கடலோர இடங்களுக்கு இதே செயலி காட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றலும் அதிகம். வற்றிய நேரத்தில் பாறை மேலே வந்துவிடும், நீந்தப் போனால் வயிறு உரசும், பவளமும் உடையும். நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

குறைகள் இருக்கின்றன. ஓடுகிற கோடுகள் பார்க்க அழகு, ஆனால் தீவில் கிடைக்கிற அரைகுறை சிக்னலில் வரைபடம் வந்து சேரவே நேரம் பிடிக்கும், தீவுக்குக் கிளம்பும் முன்பே பார்த்துத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. முதல் முறை திறப்பவருக்கு அடுக்குகளின் எண்ணிக்கையே மலைப்பாக இருக்கும். காற்றின் வேகம் நாட் கணக்கில் வரும், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வேண்டுமானால் கீழே உள்ள வண்ணப் பட்டையைத் தொட்டு மாற்றலாம், அதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பவளத் தீவுகளில் நிலத்தடியில் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நல்ல தண்ணீர்தான் இருக்கும், மழைதான் அதற்கு வரவு, மழையில்லாத பருவத்தின் கடைசியில் அது சுருங்கிவிடும். இதையெல்லாம் வானிலைச் செயலியில் எதிர்பார்க்க முடியாது, விடுதியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்டு வானிலைத் துறை எச்சரிக்கை விட்டிருந்தால் அதுதான் கடைசி வார்த்தை, செயலியில் எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் சரி.

பிரீமியம் வேண்டுமா? இலவசத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்று கணிப்பு வரும், காசு கட்டினால் ஒவ்வொரு மணிக்கும் வரும், புதிய கணிப்பும் அடிக்கடி வந்து சேரும். சொந்தப் படகு ஓட்டுகிறவருக்கோ கைட் சர்ஃபிங் செய்கிறவருக்கோ அது அவசியம். கரையில் படுத்துக்கொண்டு, நாளைக்குக் காலையில் படகில் போகலாமா, நாளை மறுநாள் போகலாமா என்று முடிவு செய்ய மூன்று மணி நேரக் கணிப்பே தாராளம்.