பழைய சவரக் கத்தியைப் பாலிஷ் பட்டறையில் கொடுக்காதீர்கள்

3,800 ரூபாய். இரண்டு சவரக் கத்திகளுக்கு, முழுப் பணமும் முன்கூட்டியே. நேற்று கத்திகள் கைக்கு வந்தன. இனி அவற்றால் பென்சில் சீவலாம், முகத்தில் வைக்க முடியாது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். செய்யவேண்டியதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பட்டறையின் பெயர் வேண்டாம். கும்பகோணத்தில் குத்துவிளக்கு, வெள்ளிக் கிண்ணம், பூஜை மணி என்று எதைக் கொடுத்தாலும் மெஷினில் பிடித்துப் பளபளக்கச் செய்து தரும் வகைக் கடை.

கத்திகள் அப்பாவுடையவை. மாயவரத்தில் சலூன் நடத்திய காலத்தில் வாங்கியவை. ஒன்று ஜெர்மனியின் சோலிங்கன், மற்றது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. எய்ட்ஸ் பயம் வந்து எல்லோரும் பிளேடு மாற்றும் கத்திக்குப் போனபோது இவை தகர டப்பாவோடு பரணில் ஏறின. ஐப்பசி, கார்த்திகை ஈரம் நம் பக்கத்தில் இரும்பைச் சும்மா விடுமா? இறக்கிப் பார்த்தால் அலகெல்லாம் துரு, துருவுக்கு அடியில் ஊசிமுனை அளவில் குழிகள்.

நான் நம்பிய இடத்தைச் சொல்லவேண்டும். பட்டறைக்காரர் சோலிங்கன் கத்தியை வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, காதருகே வைத்து அலகை நகத்தால் தட்டினார். மெல்லிய ரீங்காரம் வந்தது. "உள்பக்கம் குழித்து அரைத்த அலகு சார், அதுதான் பாடுகிறது. இதையெல்லாம் மெஷினில் காட்டக்கூடாது. நானே உட்கார்ந்து கையால் தேய்த்துத் தருகிறேன்" என்றார். கத்தி தெரிந்தவர் பேசும் பேச்சு அது. அங்கேயே நின்று ஜிபேயில் 3,800 ரூபாய் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "நம் கடைக்கு எதற்கு சார் ரசீது" என்று சிரித்தார்.

பிறகு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முகூர்த்த மாதம், விளக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பேங்கில் நிற்கிறேன், அப்புறம் பேசுகிறேன். நேரில் போனால் வேலைக்கார பையன், "அண்ணன் திருநள்ளாறு போயிருக்கிறார்" என்றான். குத்தாலம், ஆடுதுறை என்று நிறுத்தம் தவறாமல் நின்று போகும் பஸ்ஸில் போய், வெறுங்கையோடு திரும்பினேன். திருநள்ளாறு போனவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் புதுப்புது விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன.

நேற்று ஒருவழியாகப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பிரித்ததும் பளிச்சென்றுதான் இருந்தன. வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. அடிப்பக்கத்தில் பொறித்திருந்த 'சோலிங்கன்' எழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டன. குழிகள் போகவே இல்லை. மெஷின் சக்கரத்தில் தடவும் பச்சை மெழுகு குழிகளுக்குள் அடைத்துக்கொண்டு அவற்றை மறைத்திருக்கிறது. குண்டூசியால் நோண்டினேன், பச்சைத் துகள் உதிர்ந்து அதே பள்ளங்கள் எட்டிப் பார்த்தன. கூர்விளிம்பில் முனைப் பக்கமாக நகத்தின் அகலத்துக்கு ஒரு நீலக் கறை.

அந்த நீலம்தான் கொலை. சவரக் கத்தியின் எஃகை நன்றாகக் கெட்டிப்படுத்தி, பிறகு சுமார் 200 டிகிரி வரை மட்டும் சூடேற்றிப் பதம் வைப்பார்கள். சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் காகிதம்போல் மெலிந்த விளிம்புதான் முதலில் கொதிக்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா. 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். நீலம் வந்த இடத்தில் பதம் போய்விட்டது, தேய்த்தால் நிறம் போகும், பதம் திரும்பாது. அப்பா ஷெஃபீல்டு கத்தியைச் சாணைக்கல்லில் படுக்கவைத்தார், அது ஆடியது. கல்லில் முதுகும் கூரும் ஒருசேரப் படிந்தால்தான் தீட்டும் கோணம் சரியாக வரும். முதுகை ஏற்றத்தாழ்வாகத் தின்றுவிட்டது சக்கரம். "தோல் வாரில் எவ்வளவு இழுத்தாலும் இனி கூர் நிற்காதுடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

உடனே ஃபோனில் கேட்டேன். "பளபளப்புக்குத்தானே கொடுத்தீர்கள்? பளபளக்கிறதா இல்லையா? ஷோகேஸில் வையுங்கள் சார்" என்கிறார். கையால் தேய்ப்பதாகச் சொன்னீர்களே என்றேன். "இந்தப் பழைய இரும்புக்கு அவ்வளவு நேரம் யார் உட்காருவது?" 3,800 ரூபாய் வாங்கும்போது அது பழைய இரும்பு இல்லையாம்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை நடுங்குகிறது, சுருக்கமாக: சக்கரம் வைத்திருப்பவரிடம் சவரக் கத்தியைக் கொடுக்காதீர்கள். வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) 400, 600, 1000, 2000 என்று சொரசொரப்பிலிருந்து நைஸுக்கு ஏறுமுகமாக, கார்க் துண்டில் சுற்றி, எண்ணெய் விட்டு, கையால் தேய்த்தால் போதும். கடைசியில் பிராசோ பாலிஷ். கூர்விளிம்பைத் தொடாமல் முதுகிலிருந்து நீளவாக்கில் தேயுங்கள், விரல் ஜாக்கிரதை. ஆழமான குழியை முழுதாக எடுக்க ஆசைப்படாதீர்கள்; அலகு மெலிந்து போகும். கூருக்கு ஒட்டினாற்போல் குழி இருந்தால் தீட்டத் தீட்ட அது விளிம்பில் பல்லாக வெளிவரும், அந்தக் கத்தியை அலமாரியிலேயே வையுங்கள். கொடுக்குமுன் எழுத்தும் அலகும் தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லிவிட்டேன். ரசீது இல்லை, ஜிபேயில் 3,800 ரூபாய் போன பதிவும் அவருடைய வாட்ஸ்அப் பதில்களும் இருக்கின்றன. காலையிலிருந்து அவர் என் எண்ணை எடுப்பதில்லை.