நாலு நாட்டு உயிரியல் புத்தகங்கள்: எது பிள்ளையை யோசிக்க விடுகிறது?

நடுநிலை வகுப்பு உயிரியல் புத்தகங்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த வகுப்பில் செல் வருகிறது, எந்த வகுப்பில் டிஎன்ஏ வருகிறது என்றுதான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சோதனையைச் செய்யும் முன்பே புத்தகம் முடிவைச் சொல்லிவிடுகிறதா?

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது சீனா. அங்கே 7, 8ஆம் வகுப்புகளில் உயிரியல் தனிப் பாடம். 7ஆம் வகுப்பில் பல ஆண்டுகளாக இருந்துவந்த ஒரு சோதனை: பெட்டியில் ஈரமண் பரப்பி, ஒரு பாதியைக் கண்ணாடியாலும் மறு பாதியை அட்டையாலும் மூடி, கல்லுக்கு அடியில் வாழும் குட்டிப் பல்கால் உயிரிகள் பத்தை உள்ளே விட்டு, எந்தப் பக்கம் எத்தனை இருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டும். அப்புறம் வருகிற கேள்விதான் அருமை: ஒன்றே ஒன்றை விட்டால் போதாதா, ஏன் பத்து? தற்செயல் என்றால் என்ன என்பது அந்த இடத்திலேயே பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்.

ஜப்பானில் உயிரியல் தனிப் பாடம் இல்லை, அறிவியலுக்குள்தான் வருகிறது. நடுநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு சுற்றியுள்ள செடிகளையும் விலங்குகளையும் கவனிப்பதில் தொடங்குகிறது, செல் அடுத்த ஆண்டுதான். பச்சையும் வெள்ளையும் கலந்த இலையின் ஒரு பகுதியை அலுமினியத் தாளால் மூடி, வெயிலில் வைத்து, நிறம் நீக்கி அயோடின் விடுகிறார்கள்; மாவுச்சத்து உருவான இடம் மட்டும் கருநீலமாகும். எந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டால் வெளிச்சத்தின் பங்கு தெரியும், எந்த இரண்டால் பச்சையத்தின் பங்கு தெரியும் என்று மாணவரே சொல்ல வேண்டும். ஆனால் இனப்பெருக்கம் வந்தால் தவளைதான் முன்னால் நிற்கிறது, மனிதக் கருவுறுதலில் புத்தகம் ஒதுங்கிவிடுகிறது. பருவ வயதுப் பிள்ளைக்கு இது போதவே போதாது.

இங்கிலாந்து இதில் நேர்மை. 11 முதல் 14 வயதுக்கான பாடத்திட்டத்திலேயே மாதவிடாய், கருவுறுதல், கர்ப்பம் எல்லாம் நேராக வருகின்றன. டிஎன்ஏ பாடத்தில், அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரோடு, அதில் பங்கிருந்தும் பரிசு பெறாத ஃபிராங்க்ளின் பெயரும் உண்டு. அரசுப் புத்தகம் என்று ஒன்று கிடையாது, தனியார் பதிப்பகங்கள்தான் போடுகின்றன, அதனால் தரம் சீராக இருக்காது.

பரிணாமத்தை இங்கிலாந்துப் பிள்ளைகள் 10, 11 வயதிலேயே படிக்கத் தொடங்குகிறார்கள், ஜப்பானில் நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டில். இந்தியாவில் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் 10ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து 2023இல் அந்தப் பகுதியே போய்விட்டது. 10ஆம் வகுப்புக்குப் பிறகு அறிவியலை விட்டுவிடும் பிள்ளை பரிணாமத்தை முறையாகப் படிக்காமலே பள்ளியை முடிக்கும். இதைச் சரிசெய்ய சீனா வரை போக வேண்டாம், பழைய பதிப்பில் இருந்ததைத் திரும்பச் சேர்த்தாலே போதும்.