மினமாட்டா போட்டோ புக், பழைய காப்பினாலும் வாங்கலாம்

அமெரிக்க போட்டோகிராஃபர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் சேர்ந்து பண்ணது, 1975ல வந்துச்சு. ரெண்டு நாள் போய் கிளிக் பண்ணிட்டு வர்ற கேஸ் இல்ல, 1971லேர்ந்து மூணு வருஷம் மினமாட்டாங்கிற அந்த ஜப்பான் ஊர்லயே குடியிருந்து, சிஸோ கம்பெனி கடல்ல விட்ட பாதரசக் கழிவால கை கால் முறுக்கிப்போன ஜனங்களோட பழகி, கோர்ட்டு போராட்டம்னு கூடவே போய் எடுத்திருக்காங்க, 1972ல கம்பெனி ஆளுங்க கையால ஸ்மித்துக்கு செம அடி வேற. ஒரு படத்துல வெறும் கை தான், விரலெல்லாம் உள்பக்கமா மடங்கி, அதுக்கு மேல பக்கத்த திருப்பவே முடியல. அம்மா மகளைக் குளிப்பாட்டுற அந்த ஃபேமஸ் படமும் இருக்கு (குடும்பத்துக்காக பின்னாடி பல வருஷம் அத வெளியிடாம வச்சிருந்தாங்க, அது பெரிய மனசு). எழுத்தையும் படிங்க ப்ளீஸ். விலை கொஞ்சம் ஓவர் தான், பைண்டிங் செக் பண்ணி வாங்குங்க.